ஆட்டமும் போட்டியும்: ஓய்வுபெற்ற கிரிக்கெட் வீரர்களின் காட்சிப் போட்டிகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓர் ஆட்டம் தான் பிறந்த மண்ணைக் கடந்து வேற்று மண்ணில் வேர்கொள்வது எவ்வாறு என்னும் வினா பண்பாட்டு வரலாற்றைச் சார்ந்ததாகும். மொழி, சமயம், உணவு, இசை ஆகியவற்றின் பரவல் பெற்ற கவனத்தை ஆட்டங்களின் பரவல் தமிழாய்வில் இன்னும் பெறவில்லை எனலாம். பேரரசுகள் ஆட்டங்களைப் பரப்பிய காலம் முடிந்த பின்னர், அப்பணியைச் சந்தை ஏற்றுக்கொண்டது. ஆட்டக்களத்திலிருந்து விடைபெற்ற புகழ்மிக்க வீரர்களைத் திரட்டி, அவ்வாட்டம் வழக்கில் இல்லாத ஊர்களுக்கு அழைத்துச் சென்று காட்சிப் போட்டிகள் நடத்துவது இதற்கெனக் கையாளப்பட்டு வரும் முறைகளுள் ஒன்று. 2015இல் அமெரிக்காவிலும், 2022இல் மஸ்கட்டிலும், 2023இல் தோகாவிலும் இத்தகைய போட்டிகள் நடந்துள்ளன. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இடம்பெறும் என 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு முடிவு செய்ததைத் தொடர்ந்து, புதிய நிலங்களில் இவ்வாட்டத்தைப் பரப்புவது பற்றிய பேச்சு வலுப்பெற்றுள்ளது.

இம்முறை புதியதன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாக அது கையாளப்பட்டு வந்துள்ளது. சில இடங்களில் அது பயன் தந்தது. சில இடங்களில் கூட்டம் கலைந்ததோடு முடிந்தது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்பதைக் கல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியைத் தொடக்கமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழில் 'ஆட்டம்' என்னும் சொல் இரு பொருள்களை ஒருங்கே தாங்கி நிற்கிறது. கரகாட்டம், ஒயிலாட்டம், பொய்க்கால் குதிரை ஆட்டம் என்பவற்றில் அது காண்போர்க்கு நிகழ்த்திக் காட்டும் கலையைக் குறிக்கிறது. சடுகுடு ஆட்டம், பந்தாட்டம் என்பவற்றில் அது விளையாட்டைக் குறிக்கிறது. 'போட்டி' என்னும் சொல்லோ எதிரே ஒருவர் நிற்பதை வேண்டுவது. கரகம் ஆடுபவர்க்கு எதிராளி வேண்டியதில்லை, காண்போர் போதும். சடுகுடு ஆடுபவர்க்குக் காண்போர் இல்லையெனினும் குறையில்லை. கோட்டிற்கு அப்பால் நிற்கும் எதிரணி இன்றியமையாதது.

இவ்வடிப்படையில் நோக்கினால் 'காட்சிப் போட்டி' என்னும் தொடர் தன்னுள் ஒரு முரணைக் கொண்டிருப்பது புலனாகும். காட்சி என்பது பார்வையாளரை நாடுகிறது; போட்டி என்பது எதிராளியை நாடுகிறது. புதிய நிலமொன்றிற்குச் செல்லும் புகழ்பெற்ற வீரர்கள் அந்நிலத்து மக்களைப் பார்வையாளராக மட்டும் கொள்கின்றனரா, எதிராளியாகவும் ஏற்கின்றனரா என்பதைப் பொறுத்தே அம்முயற்சியின் பயன் அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழில் மட்டைப்பந்து என்றும், ஈழத்து வழக்கில் துடுப்பாட்டம் என்றும் இவ்விளையாட்டு வழங்கப்பெறினும், மக்கள் வழக்கில் பரவலாக நிலைத்துவிட்ட 'கிரிக்கெட்' என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

பாலிகஞ்ச் தரும் சான்று

பாலிகஞ்சின் குருசதய் சாலையில் கல்கத்தா கிரிக்கெட் மற்றும் கால்பந்துக் கழகத்தின் ஆடுகளம் உள்ளது. இங்கிலாந்திற்கு வெளியே அமைந்த மிகப் பழமையான கிரிக்கெட் கழகங்களுள் இது ஒன்று. 1792ஆம் ஆண்டிலேயே கல்கத்தா கிரிக்கெட் கழகம் இயங்கிவந்தது என்பதற்கான சான்று, சென்னையிலிருந்து வெளிவந்த 'மெட்ராஸ் கூரியர்' இதழின் அவ்வாண்டுச் செய்தியொன்றில் கிடைப்பது தமிழகத்தார்க்குச் சுவையான செய்தியாகும். ஈடன் தோட்டத்தில் நெடுங்காலம் ஆடிவந்த அக்கழகம், நாடு விடுதலை பெற்றபின் பாலிகஞ்சிற்கு இடம்பெயர்ந்தது. 1965இல் கல்கத்தா கால்பந்துக் கழகம் அதனுடன் இணைந்தது.

அவ்வாறு இணைந்த கால்பந்துக் கழகத்தின் வரலாறு நம் வினாவிற்கு நேரான விடையொன்றைத் தருகிறது. 1870களின் தொடக்கத்தில் ரக்பி ஆடுவதற்கென அமைந்த அக்கழகத்தில் ஆங்கிலேயர் மட்டுமே ஆடினர். படைப்பிரிவுகள் ஊர் மாறியதாலும், போலோ, டென்னிஸ் முதலியவற்றின்பால் நாட்டம் திரும்பியதாலும் ஆடுவோர் தொகை சில ஆண்டுகளிலேயே குறைந்தது. கழகத்தைக் கலைக்க முடிவு செய்த உறுப்பினர்கள், வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாகப் பெற்று, அவற்றை உருக்கிக் கிண்ணமொன்று செய்வித்து, 1878இல் இங்கிலாந்தின் ரக்பி சங்கத்திற்கு அளித்தனர். நாகப்பாம்பு வடிவக் கைப்பிடிகளும் மூடியின்மீது யானை உருவமும் கொண்ட அந்தக் 'கல்கத்தா கிண்ணம்' 1879 முதல் இன்றுவரை இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான போட்டிக்குரிய பரிசாக விளங்குகிறது. ஆட்டம் கல்கத்தாவில் அன்று பரவலாக வேர்கொள்ளவில்லை. அதன் வெள்ளி மட்டும் கடல் கடந்து சென்று ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வூர் மக்கள் எதிரணியாக ஏற்கப்படாத ஆட்டம், கொண்டுவந்தவர் புறப்பட்டபோது தானும் தளர்ந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கால்பந்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு அணியை வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. அந்நாளுக்குப் பின் கால்பந்தை வங்காளத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாத நிலை உருவாயிற்று.

கிரிக்கெட் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் சென்றது. ஆங்கிலேயரின் கழகத்திற்கு வெளியே அதனை வளர்த்தவர்கள் வங்காளிகளே. எழுத்தாளர் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரியின் தமையனும் கல்லூரி ஆசிரியருமான சாரதாரஞ்சன் ராய், 1880களில் மாணவரிடையே அணிகளை உருவாக்கிப் பயிற்றுவித்தார். நாட்டோர் மகாராஜா ஜகதிந்திரநாத் ராய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலிகஞ்சில் தமக்கென ஆடுகளம் அமைத்து, வெளி மாகாணத்து வீரர்களை வரவழைத்து அணி திரட்டினார். கூச் பிஹார் மகாராஜாவின் அணியில் ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் அணிக்கு ஆடிய ஃபிராங்க் டாரன்ட் இடம்பெற்றிருந்தார். 1918இல் புனேயில் நடந்த ஆட்டமொன்றில் அவ்வணிக்காக அவர் நூறு ஓட்டங்களைக் கடந்ததோடு, ஒரே இன்னிங்சில் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அடுத்து ஆராயப்படும் பயணத்தின் அமைப்பாளர் இந்த டாரன்டே என்பது கருதத்தக்கது.

1935-36: ரைடர் அணியின் வருகை

புகழ் முதிர்ந்த வீரர்களைத் திரட்டிப் புதிய நிலத்திற்கு அழைத்துச் செல்லும் முறைக்கு இந்தியாவே தொடக்ககால எடுத்துக்காட்டாக அமைந்தது. 1928இல் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றியது. 1932இல் லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது. 1934இல் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் தொடங்கின. ஆஸ்திரேலியாவின் எந்த அணியும் அதுவரை இந்தியாவில் முழுப் பயணம் மேற்கொண்டதில்லை. இந்நிலையில் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் பொருளுதவி செய்ய, டாரன்ட் 1935-36 பருவத்தில் ஆஸ்திரேலிய அணியொன்றை அழைத்துவந்தார்.

அதே பருவத்தில் ஆஸ்திரேலிய வாரியம் தன் முறையான அணியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. ஆகவே முன்னணி வீரர்களை இந்தியாவுக்கு விடுவிக்க அது இசையவில்லை. வந்தவர்களுள் பலர் ஆட்ட வாழ்வின் இறுதியை எட்டியவர்கள். அணித்தலைவர் ஜாக் ரைடருக்கு வயது 46. அவர் 1928-29இல் ஆஸ்திரேலியாவின் தலைவராக இருந்தவர். 1926க்குப் பின் டெஸ்ட் போட்டிகளில் ஆடாத சார்லி மக்கார்ட்னிக்கு வயது 49. சுழற்பந்து வீச்சாளர் பெர்ட் அயர்ன்மங்கருக்கு வயது 53. இன்றைய வழக்கில் கூறுவதாயின் இது ஒரு 'முன்னாள் நட்சத்திரங்களின்' அணியேயாகும்.

எனினும் அவர்கள் தமக்குள் இரு பிரிவாகப் பிரிந்து ஆடிக் காட்டவில்லை. ஊர் ஊராகச் சென்று உள்ளூர் அணிகளை எதிர்த்து ஆடினர். மும்பை, கல்கத்தா, லாகூர், சென்னை ஆகிய நான்கு ஊர்களில் இந்திய அணியுடன் அதிகாரமுறை சாராத டெஸ்ட் போட்டிகள் நடைபெற்றன. முதலிரண்டில் ஆஸ்திரேலியர் வென்றனர். லாகூரிலும் சென்னையிலும் இந்தியா வென்றது. தொடர் சமநிலையில் முடிவுற்றது. 1932 முதல் ஆடிய டெஸ்ட் போட்டிகளில் இந்தியா அதுவரை ஒன்றிலும் வென்றிருக்கவில்லை என்பதை நினைவிற் கொண்டால் இவ்விரு வெற்றிகளின் பொருள் விளங்கும். முதுமை எய்திய அணி என்று இவ்வெற்றிகளைக் குறைத்து மதிப்பிடுதல் எளிது. ஆயின் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் மட்டுமே கண்ட பெயர்களுக்கு எதிராகப் பந்து வீசவும் மட்டை பிடிக்கவும் முகமது நிசார், அமர்சிங் முதலிய வீரர்களுக்கு வாய்ப்புக் கிட்டியது. கண்டு மகிழ வந்தோர், தம் ஊரார் வெல்வதைக் கண்டு திரும்பினர்.

இங்கு இரு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, வந்தவர்களுக்கு எதிரே நிற்க உள்ளூர் அணி இருந்தது. இரண்டாவது, வந்தவர்கள் திரும்பிய பின்னும் ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ள ரஞ்சிக் கோப்பையும் மாகாணச் சங்கங்களும் இருந்தன.

கோபாலன் கிண்ணம்

ஓய்வுபெற்ற வீரர் ஒருவரின் புகழை ஆட்டத்தின் வளர்ச்சிக்குப் பயன்படுத்தும் மற்றொரு வழியைச் சென்னை காட்டியது. செங்கற்பட்டுப் பகுதியின் மொறப்பாக்கத்தைப் பெயரில் தாங்கிய எம்.ஜே. கோபாலன் தம் ஒரே டெஸ்ட் போட்டியை 1934 ஜனவரியில் கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் ஆடினார். அம்மைதானத்தில் நடந்த முதல் டெஸ்ட் போட்டியும் அதுவேயாகும். அதே ஆண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் அவரே. தியான் சந்த் இடம்பெற்ற இந்திய ஹாக்கி அணியில் 1935இல் நியூசிலாந்து சென்றுவந்த அவர், 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை விடுத்து இங்கிலாந்து சென்ற கிரிக்கெட் அணியைத் தேர்ந்துகொண்டார்.

அவருடைய நெடிய ஆட்டப்பணியைச் சிறப்பிக்கும் வகையில் 1952-53இல் ஏற்படுத்தப்பட்டதே கோபாலன் கிண்ணம். அதற்கென நடந்தது ஒருநாள் பாராட்டு ஆட்டமன்று. சென்னை அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே, ஒருமுறை இங்கும் மறுமுறை அங்குமாக, மீண்டும் மீண்டும் நடந்த போட்டியாகும். அக்காலத்தில் இலங்கை டெஸ்ட் தகுதி பெறாத நாடு. முதல்தரப் போட்டி அனுபவத்தைத் தொடர்ந்து பெறுவதற்கு அந்நாட்டு வீரர்களுக்கு அமைந்த சில வாயில்களுள் இக்கிண்ணமும் ஒன்று. 1965இல் பன்னாட்டு மன்றத்தின் இணை உறுப்பினராகிய இலங்கை, 1981இல் டெஸ்ட் தகுதி பெற்று, 1982 பிப்ரவரியில் கொழும்பில் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது. 1985இல் அந்நாடு பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி இந்தியாவுக்கு எதிராகவே அமைந்தது. 1996 மார்ச் 13 அன்று ஈடன் தோட்டத்தில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா சரிந்து கொண்டிருந்தபோது, பொறுக்க இயலாத கூட்டம் ஆட்டத்தை நிறுத்தியது. நடுவர் வெற்றியை இலங்கைக்கு அளித்தார். கோபாலன் தம் ஒரே டெஸ்ட் போட்டியை ஆடிய அதே திடலில், அவர் பெயரிலான கிண்ணத்தில் சென்னையோடு மோதி வளர்ந்த நாடு இந்தியாவை வெளியேற்றியது. இலங்கையின் எழுச்சிக்குப் பள்ளிக் கிரிக்கெட் உள்ளிட்ட காரணங்கள் பல உள. இக்கிண்ணத்தை மட்டும் காரணமாகக் கூறுதல் மிகையாகும். ஆயினும் ஓய்வுபெற்றவரின் பெயர் ஒரு தொடர்போட்டியாக மாறியமையால் விளைந்த பயன் எளிதில் புறக்கணிக்கத்தக்கதன்று.

வட அமெரிக்கா: 1932, 2015

அமெரிக்கா புதிய சந்தை என்று கூறப்படுவது வழக்கம். உண்மையில் அது இழந்த சந்தை. கிரிக்கெட்டின் முதல் பன்னாட்டுப் போட்டி 1844இல் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நடந்ததேயாகும். பிலடெல்பியா நகரம் முதல் உலகப்போர் வரை வலிமைமிக்க அணிகளைக் கொண்டிருந்தது.

அவ்வணிகள் மறைந்த பின்னர், 1932இல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் ஆர்தர் மெய்லி ஓர் அணியைத் திரட்டிக் கனடாவிலும் அமெரிக்காவிலும் பயணம் மேற்கொண்டார். புதிதாக மணம் புரிந்திருந்த டான் பிராட்மன் தம் மனைவியுடன் உடன் சென்றார். 51 ஆட்டங்கள் நடந்தன. உள்ளூர் அணிகளில் பதினோருவருக்கு மேற்பட்டோர் ஆடுவதற்கும் இடமளிக்கப்பட்டது. நியூயார்க்கில் பேஸ்பால் வீரர் பேப் ரூத்தைப் பிராட்மன் சந்தித்தார். எதிரணி இருந்தும் இப்பயணம் அமெரிக்காவில் நிலைத்த விளைவை ஏற்படுத்தவில்லை. தொடர்ந்து மோதுவதற்குரிய போட்டியமைப்பும், இளையோரைப் பயிற்றும் கழகங்களும் அதற்குள் நலிந்துவிட்டமையே காரணம் எனலாம். எதிரணி இன்றியமையாதது, ஆயின் அது மட்டும் போதாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

83 ஆண்டுகளுக்குப் பின், 2015 நவம்பரில், சச்சின் டெண்டுல்கரும் ஷேன் வார்னும் இரு அணிகளைத் திரட்டி நியூயார்க், ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நகரங்களின் பேஸ்பால் அரங்குகளில் மூன்று இருபது ஓவர் போட்டிகளை நடத்தினர். வேறிடத்தில் உருவாக்கிய ஆடுதளங்கள் அரங்குகளில் பதிக்கப்பட்டன. பிரையன் லாரா, வசீம் அக்ரம், ரிக்கி பாண்டிங், குமார் சங்கக்கார, முத்தையா முரளிதரன், கல்கத்தாவின் சௌரவ் கங்கூலி முதலியோர் ஆடினர். மூன்றிலும் வார்ன் அணி வென்றது. அரங்கிற்கு வந்தோருள் பெரும்பாலோர் தெற்காசியாவிலிருந்து குடியேறியோர். அவர்களுக்கு அது இளமையின் மீட்சி. பிரிந்து வந்த ஊரின் நினைவு. அவ்வுணர்வை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின் இரு அணிகளிலும் அமெரிக்க வீரர் ஒருவரும் இடம்பெறவில்லை. அந்நாட்டின் கிரிக்கெட் சங்கம் உட்பூசல்களால் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே பன்னாட்டு மன்றத்தால் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தது. விளக்குகள் அணைந்த பின் அக்காட்சியின் பயனைப் பெற்றுக்கொள்வதற்கு உரிய அமைப்பு அங்கு இல்லை. அத்தொடரும் மீண்டும் நடைபெறவில்லை.

அமெரிக்கர் பலர் இவ்வாட்டத்தைத் திரும்பிப் பார்த்தது 2024 ஜூன் 6 அன்றாகும். டல்லாஸ் நகரையடுத்த கிராண்ட் பிரேரியில், பேஸ்பால் அரங்காக இருந்து கிரிக்கெட் அரங்காக மாற்றப்பட்ட திடலில், அமெரிக்க அணி உலகக் கோப்பைப் போட்டியொன்றில் பாகிஸ்தானைச் 'சூப்பர் ஓவரில்' வென்றது. அவ்வணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் சௌரப் நெத்ராவல்கர் மும்பையில் ஆட்டம் பயின்று, மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றுபவர். குடியேறியோரின் அணிதான் எனினும் அது அந்நாட்டின் பெயரில் நின்ற அணி. ஆயினும் அமைப்புச் சிக்கல் தீரவில்லை. 2025 செப்டம்பரில் அந்நாட்டுச் சங்கம் மீண்டும் இடைநீக்கத்திற்கு உள்ளாயிற்று. ஒலிம்பிக் நெருங்கும் வேளையில் இது கவலைக்குரிய செய்தியே.

சார்ஜா: பார்வையாளரின் நிலம்

பாலைவனத்தில் கிரிக்கெட்டை நிறுவிய சார்ஜாவின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. பாகிஸ்தானில் கல்வி பயின்ற காலத்தில் இவ்வாட்டத்தின்மீது பற்றுக்கொண்ட வணிகர் அப்துல் ரஹ்மான் புகாதிர், 1981இல் கவாஸ்கர் அணிக்கும் மியாந்தத் அணிக்கும் இடையே போட்டி நடத்தினார். இந்திய, பாகிஸ்தானிய முன்னாள் வீரர்களுக்குப் பணமுடிப்பு வழங்குவது அங்கு நடந்த போட்டிகளின் குறிக்கோள்களுள் ஒன்று. ஆட்டத்தால் பெயர் பெற்றும் பொருள் பெறாத ஒரு தலைமுறைக்கு இது பேருதவியாயிற்று. ஓய்வுபெற்றோரை ஆடவைத்துக் கூட்டம் சேர்ப்பதற்கு மாறாக, கூட்டம் சேர்த்து ஓய்வுபெற்றோரைப் பேணியது சார்ஜாவின் சிறப்பு. 1984இல் முதல் ஆசியக் கோப்பையும் அங்கேயே நடந்தது.

எனினும் அரங்கை நிறைத்தவர்கள் வளைகுடாவில் உழைத்த தெற்காசியத் தொழிலாளரும் வணிகருமேயாவர். 1994இல் ஐ.சி.சி. கோப்பையை வென்று 1996 உலகக் கோப்பையில் ஆடிய ஐக்கிய அரபு அமீரக அணியில், தலைவர் சுல்தான் சரவானி போன்ற மிகச் சிலர் நீங்கலாகப் பெரும்பாலோர் குடியேறியோர். அரங்கும் பொருளும் பார்வையாளரும் நிறைந்திருந்தும் அம்மண்ணின் மைந்தரிடையே ஆட்டம் போதிய அளவு இறங்கவில்லை. சார்ஜா ஆட்டத்திற்கு ஓர் அரங்காயிற்று. உள்ளூராரின் எதிரணியாக உருப்பெறுவதற்கு நெடுங்காலம் காத்திருந்தது.

டாக்காவும் நைரோபியும்

கல்கத்தாவைச் சேர்ந்த ஜக்மோகன் டால்மியா 1997 முதல் 2000 வரை பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றத்தின் தலைவராக இருந்தார். அவர் காலத்தில் டெஸ்ட் தகுதி பெறாத நாடுகளின் மண்ணில் முன்னணி அணிகளை ஆடவைத்துப் பொருள் திரட்டும் திட்டம் உருவாயிற்று. 1998இல் டாக்காவிலும் 2000இல் நைரோபியிலும் அப்போட்டிகள் நடந்தன. இவற்றில் ஆடியோர் ஓய்வுபெற்றோர் அல்லர். எனினும் புதிய நிலத்திற்குக் காட்சியைக் கொண்டுசெல்லும் நோக்கம் ஒன்றே.

டாக்காவில் நடந்த போட்டியில் வங்கதேச அணி ஆடவேயில்லை. அங்கு எதிரணி இல்லாத காட்சி பயன் தந்தது எங்ஙனம் என்னும் ஐயம் எழலாம். 1977இலேயே பன்னாட்டு மன்றத்தின் இணை உறுப்பினராகி, ஊர்க் கழகங்களின் தொடர்போட்டிகளில் பயின்று, 1997 ஏப்ரலில் கோலாலம்பூரில் ஐ.சி.சி. கோப்பையை வென்ற நாடு அது. எதிரணி ஏற்கெனவே உருவாகியிருந்த இடத்திற்கே காட்சி சென்றது. 2000 நவம்பரில் டாக்காவில் இந்தியாவுக்கு எதிராக அந்நாடு தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது; கங்கூலி இந்தியாவின் தலைவராக ஆடிய முதல் டெஸ்ட் போட்டியும் அதுவே. நைரோபியிலும் அந்நாளில் திறன்மிக்க அணி இருந்தது. 2003 உலகக் கோப்பையின் அரையிறுதியை அது எட்டியது. ஆயின் அவ்வணிக்குப் பின்னால் அடுத்த தலைமுறையை உருவாக்கும் உள்நாட்டு அமைப்பு வலுப்பெறவில்லை. 2014இல் கென்யா தன் ஒருநாள் போட்டித் தகுதியை இழந்தது. ஒரே திட்டம் இரு நிலங்களில் இருவேறு விளைவுகளைத் தந்தமைக்கு நிலங்களின் உள்ளமைப்பே காரணம் என்பது தெளிவு.

ஈடன் தோட்டத்தில் பெலே

கல்கத்தா மக்கள் இத்தகைய காட்சியை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்குக் கால்பந்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1977 செப்டம்பர் 24 அன்று பெலே தம் நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் ஈடன் தோட்டத்தில் மோகன் பகானை எதிர்த்து ஆடினார். அடுத்த வாரமே அவர் ஓய்வு பெற்றார். ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. ஹபீபும் சியாம் தாபாவும் மோகன் பகானுக்காகக் கோல் அடித்தனர். பெலேவைக் காணவே மக்கள் திரண்டனர். ஆயினும் நகரம் இன்றும் நினைவுகூர்வது அவரை எதிர்த்து நின்ற தம் அணியையுமாகும். அமெரிக்காவில் கால்பந்தைப் பரப்புவதற்கென 1975இல் அழைக்கப்பட்டவர் பெலே. அவர் விலகிச் சில ஆண்டுகளில், 1984 பருவத்தோடு, அந்த அமெரிக்கத் தொடரே நின்றுபோயிற்று. பழம்புகழை விலைக்கு வாங்கிய நாட்டில் தொடர் நின்றது. அப்புகழை எதிர்த்து ஆடிய நகரில் நினைவு நிலைத்தது.

2022 செப்டம்பர் 16 அன்று இதே ஈடன் தோட்டத்தில் முன்னாள் வீரர்களின் லெஜண்ட்ஸ் லீக் காட்சிப் போட்டியொன்று நடந்தது. ஏற்கெனவே கிரிக்கெட்டில் ஊறிய நகரில் அது நினைவுவிழாவாக அமைந்தது. 2024 அக்டோபரில் அதே தொடர் சிறீநகருக்குச் சென்றபோது, பல்லாண்டுகளாகப் பெரும் போட்டிகளைக் காணாத மக்களுக்கு அதன் பொருள் வேறாயிற்று. காட்சி ஒன்றாயினும் காண்பவர் நிலைக்கேற்ப அதன் பயன் மாறுகிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். ஓய்வுபெற்ற வீரர்களின் காட்சிப் போட்டிகள் கூட்டத்தைத் திரட்ட வல்லன. புலம்பெயர்ந்தோர்க்கு ஊர் நினைவைத் தர வல்லன. முதிய வீரர்களுக்கு வாழ்வளிக்க வல்லன. ஆயின் ஆட்டத்தை நட வல்லன அல்ல. 1935-36இல் ரைடர் அணி பயன் தந்தது, எதிரே இந்திய அணியும் பின்னே ரஞ்சிக் கோப்பையும் இருந்தமையால். கோபாலன் கிண்ணம் பயன் தந்தது, எதிரணி ஒருமுறை வந்துபோகாமல் மீண்டும் மீண்டும் வந்தமையால். 1932இல் எதிரணி இருந்தும் தொடர்ச்சி இல்லை. 2015இல் இரண்டும் இல்லை.

இம்முடிவு கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் சடுகுடு ஆட்டத்தின் உறவான கபடியை 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த உடற்பயிற்சிக் கழகத்தார் ஆடிக் காட்டினர். அக்காட்சியால் ஐரோப்பாவில் கபடி வேரூன்றவில்லை. 1980இல் கல்கத்தாவில் முதல் ஆசியப் போட்டி நடந்தது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி இடம்பெற்றது. எதிரணிகள் ஆண்டுதோறும் வலுப்பெற்றன. 2018இல் ஜகார்த்தாவில் ஈரான், ஆடவர் அரையிறுதியிலும் மகளிர் இறுதியிலும் இந்தியாவைத் தோற்கடித்தது. அன்று நாம் அதனை இழப்பாகக் கருதி வருந்தினோம். லாகூரிலும் சென்னையிலும் தோற்ற ரைடர் அணியையும், 1985இல் கொழும்பில் தோற்ற இந்திய அணியையும் நினைவிற் கொண்டு நோக்கினால் அதன் பொருள் வேறாகும்.

ஓர் ஆட்டம் பரவிவிட்டது என்பதற்கு அரங்கில் திரண்ட கூட்டம் சான்றாகாது; கொண்டுவந்தவரை ஏற்றவர் வெல்லும் நாளே சான்றாகும். தமக்குள் மட்டும் ஆடிக்கொள்ளும் நட்சத்திரங்களுக்கு அத்தகைய தோல்வி வாய்ப்பதில்லை. கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட வெள்ளிக் கிண்ணம் இன்றும் இரு அயல்நாடுகளுக்கிடையே கைமாறிக் கொண்டிருப்பது இவ்வுண்மையையே நினைவூட்டுகிறது.